மன்னாரில் பிடிக்கும் உப்பு, மலையில் காட்டும் பழுது

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை ஓடிப்பாருங்கள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மறுபக்கம் திரும்பித் தாம்போதியைக் கடந்து, முருங்கன், மடுச் சந்தி என்று மதவாச்சி வரை போனாலும் லொறிச் சாரதிக்கு எக்ஸோஸ்ட் பிரேக்கின் நினைவே வராது.

அதே லொறி கருவாட்டையும் ஐஸ் மீனையும் மலையகத்தில் இறக்கிவிட்டு, நுவரெலியா மரக்கறி மூட்டைகளோடு றம்பொடை வளைவுகளில் இறங்கும். அப்போதுதான் சாரதியின் கை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் தண்டைத் தேடும். இழுக்கிறார், விளக்கு எரியவில்லை, வண்டி பிடிக்கவில்லை. உப்புப் பிடித்தது கடற்கரையில், ஆபத்து வந்தது மலையில். எங்கள் ஊர் கராஜ்களில் இந்தப் பழுதை யாரும் சின்ன விஷயமாக எடுப்பதில்லை. அதற்கு இதுதான் காரணம்.

நீண்ட இறக்கத்தில் கால் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, லைனிங்கின் பிடி விட்டுப்போகும். அந்தச் சுமையை எஞ்சின் வாங்கிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. எக்ஸோஸ்ட் பிரேக்கில், புகைக்குழாய்க்குள் ஒரு தட்டு மூடிக்கொள்ளும். வெளியேற வழியில்லாத புகை பிஸ்டனை எதிர்த்து நிற்க, எஞ்சின் தளரும். பெரிய கனரக வண்டிகளில் இன்னொரு வகை உண்டு. பிஸ்டன் அமுக்கிய காற்றை, பிஸ்டன் உச்சியை எட்டும்போது வால்வைத் திறந்து வெளியே விட்டுவிடுவது அது. 1931இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் கைவிட்டு, ரயிலோடு மோதாமல் மயிரிழையில் தப்பியவர் எஞ்சின் வல்லுநர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். அன்றைய பயம் அவர் மனத்தில் கிடந்து இந்த இரண்டாவது வகைக்கான யோசனையாகி, 1961இல் ஜேக்கப்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பாகச் சந்தைக்கு வந்தது.

எந்த வகையானாலும், ‘பிடி’ என்ற கட்டளை போவது ஒரு மெல்லிய வயரில். அந்த வயரை நாம் தேடும் விதம்தான் மாறியிருக்கிறது.

அன்று

தீவையும் பெருநிலத்தையும் இணைத்த 1930ஆம் ஆண்டுப் பாலம் 1990இல் போரில் உடைந்தது. தலைமன்னார் ரயிலும் நின்றது. மறுகரையில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு எரிபொருள், பற்றரி, உதிரிப்பாகம் என்று நீண்ட தடைப்பட்டியல் இருந்தது. எக்ஸோஸ்ட் பிரேக்கை இயக்கும் மக்னெற் வால்வ் பழுதானால் புதிதாக வாங்குவது கனவு. இருப்பதைத் திருத்தியே ஆகவேண்டும். திருத்துவதற்குப் பழுது எங்கே என்று பிசகில்லாமல் தெரியவேண்டும்.

அதற்குக் கையிலிருந்த கருவி டெஸ்ட் லாம்ப். 24 வோல்ற் பல்ப் ஒன்று, உடைந்த பார்க்கிங் லைட்டின் ஹோல்டர், இரண்டு முழம் வயர். ஒரு முனையில் கவ்வி, மறு முனையில் சாக்கு தைக்கும் ஊசி. அவ்வளவுதான்.

கவ்வியைச் சேஸியில் மாட்டிவிட்டு மெக்கானிக் ஊசியைப் பியூஸில் வைப்பார்; எரியும். தண்டின் சுவிச்சுக்கு வரும் முனையில் வைப்பார், எரியும். போகும் முனை, எரியும். கிளச் மிதிக்கு மேலே ஒளிந்திருக்கும் சின்னச் சுவிச்சில், வரும் பக்கம் எரியும், போகும் பக்கம் இருள். ஆள் அங்கேயே பிடிபட்டுவிடுவான். கிளச்சையோ அக்ஸிலேட்டரையோ மிதித்தவுடன் பிரேக் விடுபடவேண்டும் என்பதற்காக இந்தச் சுவிச்சுகள் ஒரே பாதையில் வரிசையாக நிற்கின்றன. ஒன்று பிடிக்காவிட்டாலும் பாதை அடைபட்டுவிடும்.

வால்வ் வரை வெளிச்சம் போய்விட்டால் அடுத்த வேலை காதுக்கு. ஒருவர் தண்டை இழுக்க, மற்றவர் வண்டிக்கு அடியில் படுத்து ‘டிக்’ என்ற சத்தத்துக்குக் காத்திருப்பார். சத்தம் இல்லையென்றால் கவ்வியைப் பற்றரியின் பிளஸ்ஸுக்கு மாற்றி, ஊசியை எர்த் வயரில் வைப்பார். பல்ப் மங்கினால் எர்த் அரித்துப்போயிருக்கிறது. மீன் லொறியில் இது அடிக்கடி நடப்பது. ஐஸ் கரைந்த உப்புநீர் பெட்டியிலிருந்து சேஸியில் சொட்டுகிறது. சோளகக் காற்று கடல் தூவலை வாரி அடிக்கிறது. செம்பு பச்சை பூக்கிறது. அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, இறுக்கிக் கட்டி, கிறீஸ் பூசிவிட்டால் லொறி மறுபடி மலையேறும்.

இன்று

2010 மார்ச்சில் மன்னாரின் புதிய பாலம் திறந்தது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்க, பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் பாதை உயிர்பெற்றது. லொறிகள் கூடின. லொறிக்குள் கொம்பியூட்டரும் வந்தது.

புதிய வண்டியில் தண்டை இழுத்தால் மின்சாரம் நேரே வால்வுக்குப் போகாது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஒரு வேண்டுகோள்தான் போகிறது. அக்ஸிலேட்டரில் கால் இல்லையா, கிளச் மிதிபடாமல் இருக்கிறதா, எஞ்சின் போதிய வேகத்தில் சுற்றுகிறதா என்று அது பார்க்கும். எல்லாம் சரி என்றால்தான் வால்வுக்கு மின் கொடுக்கும். சில வண்டிகளில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸில் கோளாறு இருந்தாலே எஞ்சின் பிரேக் மறுக்கப்பட்டுவிடும். சக்கரத்தடியில் உப்பு அரித்த ஒரு சென்சர், எங்கோ இருக்கும் பிரேக்கை முடக்குகிறது.

இளைய மெக்கானிக் ஸ்கானரைச் செருகுகிறார். திரையில் எஸ்பிஎன் 1072, எஃப்எம்ஐ 5. எஞ்சின் பிரேக்கின் முதலாவது வெளியீட்டுச் சுற்றில் மின்னோட்டம் குறைவு, அல்லது சுற்று அறுந்திருக்கிறது என்பது பொருள். கடைசி எண் 3 என்றால் வோல்ற் அதிகம், 4 என்றால் வோல்ற் குறைவு, 6 என்றால் மின்னோட்டம் அதிகம். கனரக வண்டிகளுக்கு உலகப் பொதுவான ஜே1939 மொழி இது. முன்பு அரைநாள் ஊசி குத்தித் தேடியதை இது அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. பெரிய வரம்தான்.

ஆனால் ஸ்கானர் தெருவின் பெயரைச் சொல்லும்; வீட்டு இலக்கத்தைச் சொல்லாது. அந்தத் தெருவில் வால்வின் கொயில் இருக்கிறது, இரண்டு மூன்று இணைப்புகள் இருக்கின்றன, பல மீற்றர் வயர் இருக்கிறது. குறியீட்டைக் கண்டதும் வால்வை வாங்கி மாட்டினால், பணம் போகும், பழுது போகாது. கொயிலின் ஓம் அளவைப் பாருங்கள். சரியாக இருக்கிறதா? பிறகு வயரைச் சந்தேகியுங்கள்.

இங்கேதான் மீற்றரும் ஏமாற்றும். பத்து இழையில் ஒன்பது அரித்துப்போன வயரிலும் மீற்றர் முழு 24 வோல்ற்றைக் காட்டும், ஏனென்றால் அது மின்னோட்டம் கேட்பதில்லை. ஒரு பல்பை அந்த வயரில் சுமையாக மாட்டுங்கள். அழுது வடியும் வெளிச்சம் உண்மையைச் சொல்லிவிடும். தூக்கிப்போட்ட பழைய டெஸ்ட் லாம்ப் பெட்டியிலிருந்து திரும்பவும் வெளியே வருவது இந்த இடத்தில்தான்.

அதையும் பழைய மாதிரிப் பயன்படுத்தக்கூடாது. சென்சர் வயரிலும் தகவல் வயரிலும் பல்பை வைத்தால், அது இழுக்கும் மின்னோட்டம் கட்டுப்பாட்டுப் பெட்டியையே கெடுக்கலாம். வயரை இரு முனையிலும் கழற்றி, பற்றரியிலிருந்து நேரே மின் கொடுத்துச் சோதிக்கவேண்டும். ஊசியால் உறையைக் குத்தும் பழக்கத்தையும் விடவேண்டும். மன்னார்க் காற்றில் அந்தச் சின்னத் துளை போதும், உப்பு உள்ளே போய்க் குடியிருக்க.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் பரவலாக மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் முப்பது வருட இசூசுவும் கொம்பியூட்டர் வண்டியும் ஒரே கராஜில் அருகருகே நின்றன, இன்றும் நிற்கின்றன. எனவே ஸ்கானர் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ‘டிக்’ சத்தமும் கேட்கத் தெரியவேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுப் படித்துக்கொள்ளவேண்டும்.

சாரதிமார் செய்யவேண்டியது ஒன்றுதான். மலைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும், முருங்கன் நேர்ப்பாதையில் பின்னால் வண்டி இல்லாத இடம் பார்த்து, தண்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, எஞ்சின் சத்தம் மாறுகிறதா, வண்டி பின்னுக்கு இழுபடுகிறதா? இடைக்கிடை அசைந்தால்தான் புகைக்குழாய்த் தட்டும் துருப்பிடித்து இறுகாது. பதில் ‘இல்லை’ என்றால் வண்டியைத் திருப்புங்கள். தாம்போதிக்கு அப்பால் கராஜ் திறந்திருக்கும். றம்பொடை வளைவில் அந்தப் பதில் கிடைத்தால், திரும்புவதற்கு இடமிருக்காது.