பவள நோய்களும் சிகிச்சையும்

பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று. சொறிமீன், கடற்சாமந்தி ஆகியவற்றோடு உறவுடைய குழியுடலி விலங்கு அது. எனவே மற்ற விலங்குகளைப் போல அதற்கும் நோய் வரும். காயம் படும், காயம் ஆறவும் செய்யும். நோயுற்ற பவளத்தை அடையாளம் காணும் முறை, வீட்டுத் தொட்டியிலும் திறந்த கடலிலும் அதற்கு அளிக்கப்படும் சிகிச்சை, தமிழ்நாட்டில் இச்செய்தி எந்த அளவுக்குப் பொருந்தும் என்பவை இங்கு விளக்கப்படுகின்றன.

பவளத்தின் உடல்

நாம் ஒரு பவளம் என்று பார்ப்பது பெரும்பாலும் ஆயிரக்கணக்கான சிறு உயிர்களின் குடியிருப்பு. ஒவ்வோர் உயிரும் ஒரு பை போன்ற உடலும், ஒரே வாயும், அதைச் சுற்றிக் கொட்டும் உணர்கொம்புகளும் கொண்டது. இதற்குப் பாலிப் என்று பெயர். பாலிப்புகள் தமக்கு அடியில் கால்சியம் கார்பனேட்டைச் சுரந்து கல்கூட்டைக் கட்டுகின்றன. உயிருள்ள தசை அக்கூட்டின் மேல் ஒரு மெல்லிய போர்வை மட்டுமே. அடியில் இருப்பது வெறும் சுண்ணாம்பு. நோய் என்பது இந்தப் போர்வைக்கு வரும் கேடு. அதன் தடிப்பு சில மில்லிமீட்டர் மட்டுமே ஆதலால், நோய் தொடங்கிய பின் கையில் இருக்கும் காலமும் குறைவு.

தசைக்குள் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் பெரும்பகுதியைப் பவளத்துக்கு வழங்குகின்றன. பவளத்தின் பழுப்பு நிறம் பெரும்பாலும் இப்பாசிகளால் வருவது.

வெளிறல் வேறு, நோய் வேறு

வெள்ளையாகிவிட்ட பவளம் எல்லாம் செத்துவிட்டது என்று எண்ணுவது பரவலான தவறு. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிடும். அப்போது தசை கண்ணாடி போலாகி, அடியிலுள்ள வெள்ளைக் கூடு தெரியும். இதுவே வெளிறல். உற்றுப் பார்த்தால் உணர்கொம்புகள் அசைவது புலப்படும். சில வாரங்களில் வெப்பம் தணிந்தால் பாசிகள் மீண்டும் பெருகிப் பவளம் பிழைக்கும். தசையே உரிந்து போய்க் கூடு வெறுமையாக நிற்பது வேறு நிலை. அந்த இடத்தில் சில நாட்களில் பச்சைப் பாசி படரத் தொடங்கும். அதன் பின் அப்பகுதிக்கு உயிர் வராது. ஆனால் அதே குடியிருப்பின் மற்றொரு கிளை நன்றாக இருக்கலாம். சிகிச்சை முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

நோய்களுள் முதலில் விவரிக்கப்பட்டது கரும்பட்டை நோய். 1973-இல் கரிபியக் கடற்கரை நாடான பெலீசிலிருந்து அது பதிவானது. நீலப்பச்சைப் பாசி நுண்ணுயிரிகளும் கந்தகத்தைக் கையாளும் பாக்டீரியாக்களும் சேர்ந்த ஒரு கறுப்புப் பாய், பவளத்தின் மேல் நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் நகர்ந்து செல்லும். முன்னால் உயிருள்ள தசை, பின்னால் வெள்ளைக் கூடு, நடுவில் கறுப்புக் கோடு. இவ்வளவு தெளிவாக எல்லை காட்டும் நோய் விலங்குகளில் குறைவு. வெண்பட்டை நோயில் கறுப்புக் கோடு இருக்காது. தசை நேராக உரியும். புளோரிடாவில் கடமான் கொம்பு போன்ற கிளைப் பவளங்களைத் தாக்கிய வெண்பொரி நோய்க்குக் காரணம் செரேஷியா மார்செசென்ஸ் என்னும் பாக்டீரியா எனக் கண்டறியப்பட்டது. அது மனிதக் கழிவுநீர் வழியே கடலுக்குச் சென்றது என்பதும் பின்னர் நிறுவப்பட்டது.

தொட்டிகளில் அதிகம் காணப்படுவன வேறு. கிளைப் பவளமான அக்ரோபோராவில் தசை ஓரிரு நாட்களில், சில வேளைகளில் ஓர் இரவிலேயே, முழுவதும் உரிந்துவிடும் விரைவு அழுகல் உண்டு. அடியிலிருந்து மெல்ல மேலேறும் மெதுவான அழுகலும் உண்டு. பெரிய சதைப்பற்றுள்ள பவளங்களில் பழுப்புக் கூழ் போன்ற ஒன்று திரண்டு நாறும். அதில் நுண்ணோக்கி வழியே பார்த்தால் இழைகளால் நீந்தும் ஒருசெல் உயிரிகள் மொய்ப்பதைக் காணலாம். இவை தவிர, அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு, மொன்டிபோராவைத் தின்னும் ஓடற்ற சிறு கடல்நத்தை ஆகிய ஒட்டுண்ணிகளும் நோய் போலவே தோற்றம் தரும்.

தொட்டியில் சிகிச்சை

தொட்டியில் பவளம் வாடினால் முதலில் எடுக்க வேண்டியது மருந்துப் புட்டியை அன்று, நீர்ச் சோதனைப் பெட்டியை. பெரும்பாலான நேரம் நோயாளி பவளமாக இருந்தாலும் நோய் நீரில்தான் இருக்கும். உப்பளவு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம், வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ், கார அமிலக் குறியீடு 8.0 முதல் 8.4, கால்சியம் லிட்டருக்கு 380 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம் ஆகியவை பொதுவாக ஏற்கப்படும் எல்லைகள். காரத்தன்மை 7 முதல் 11 ஜெர்மன் பாகைக்குள் இருக்கலாம். ஆனால் எந்த எண்ணில் இருக்கிறது என்பதைவிட அது ஆடாமல் இருப்பது முக்கியம். காரத்தன்மையை ஒரே நாளில் ஒரு பாகைக்கு மேல் மாற்றுவது, சரிசெய்வதாக எண்ணிக் கெடுப்பதாக முடியும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் பூச்சியம் ஆகிவிடக் கூடாது. பவளத்தினுள் வாழும் பாசிக்கும் உரம் வேண்டும்.

இந்த இடத்தில் காவிரிப் படுகையின் நீரைப் பற்றி ஒரு சொல். மன்னார்குடி போன்ற ஊரில், பாமணியாற்றுப் பாசனத்தில் யூரியாவும் டி.ஏ.பி.யும் இடப்படும் வயல்களுக்கு நடுவே எடுக்கும் கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் நைட்ரேட்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. நெற்பயிருக்கு ஊட்டமாவது தொட்டியில் பாசிப் பெருக்கமாகும். ஆகவே கடல் உப்பைக் கரைப்பதற்கு எதிர்ச் சவ்வூடு முறையில் வடித்து, அயனிகளும் நீக்கிய நீரே பயன்படுத்தப்படுகிறது. செப்பு இன்னும் கொடியது. மீன்களின் வெண்புள்ளி நோய்க்குத் தரப்படும் செப்பு மருந்தை மிகச் சிறிய அளவில் விட்டாலும் பவளமும் இறாலும் மடியும். மீனுக்கு மருந்து தர வேண்டுமானால் மீனைத்தான் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். இறுதியாக வெயில். கத்திரி வெயிலில் மின்சாரம் சில மணிநேரம் நின்றால் சிறு தொட்டியின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிவிடும். நீரோட்டமும் நிற்பதால் உயிர்வளியும் குறையும். மின்கலத்தில் ஓடும் காற்றுக்குழாயும், மூடியைத் திறந்து வைத்து நீர்ப்பரப்பின் மேல் ஓடும் விசிறியும் இங்கே எந்த மருந்தையும்விடப் பயன் தருபவை.

நீர் சரியாக இருந்தும் தசை உரிவது நிற்காவிட்டால் அடுத்த படி முக்கிக் கழுவுதல். தொட்டி நீரையே ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதில் அயோடின் கரைசலைத் தயாரிப்பில் குறிப்பிட்ட அளவு கலந்து, பவளத்தைப் பத்து முதல் பதினைந்து நிமிடம் வைத்து மெல்ல அலசுவர். பிறகு மருந்தில்லாத வேறொரு கிண்ண நீரில் கழுவிவிட்டுத் தனித் தொட்டியில் வைப்பர். முக்கிய நீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றக் கூடாது. ஒட்டுண்ணிகளின் முட்டைகள் இக்கரைசலுக்குச் சாவதில்லை. ஆகவே முட்டை பொரியும் காலத்தைக் கணக்கிட்டு, வாரம் ஒரு முறை எனப் பல வாரம் கழுவ வேண்டியிருக்கும். கண்ணில் படும் முட்டைகளைச் சுரண்டி எடுப்பதும் உண்டு.

விரைவு அழுகலுக்கு இவை பயன்படா. அப்போது செய்யப்படுவது வெட்டு. நோய்க் கோட்டிலிருந்து குறைந்தது ஒரு சென்டிமீட்டர் நல்ல தசைக்குள் தள்ளி, எலும்பு வெட்டும் இடுக்கியால் கிளையைத் துண்டித்து, வெட்டுவாயை உடனடிப் பசையால் மூடிப் புதிய கல்லில் ஒட்டுவர். தாய்க் குடியிருப்பு போனாலும் துண்டு பிழைத்தால் அது அதே உயிர்தான். மரபணுவில் ஒரு மாற்றமும் இல்லை. கரும்புக் கரணை நட்டுக் கரும்பு வளர்ப்பதை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

கையாள்வோருக்கும் ஆபத்து உண்டு. சோவாந்திட் என்னும் பொத்தான் வடிவப் பவளவுறவு இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டக் கூடாது. அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்வது அதைவிடக் கேடு. ஆவியோடு நஞ்சு மூச்சில் ஏறி, குடும்பம் முழுவதும் மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன.

சட்டம் என்ன சொல்கிறது

மேலே சொன்னவை வளர்ப்பு முறையாகப் பெற்ற பவளங்களை வைத்திருக்க இசைவுள்ள நாடுகளின் வழக்கம். இந்தியாவில் நிலை வேறு. 2001-இல் வெளியான அறிவிக்கையின்படி பாறை கட்டும் கடினப் பவளங்கள், கரும்பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகிய அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இது. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். உயிர்ப்பாறை என்ற பெயரில் விற்கப்படும் கற்களும் பெரும்பாலும் பவளக் கூடுகளே. ஆகவே கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பும் மாணவர், குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீன்களையும் சுட்ட மண்ணால் செய்த செயற்கைப் பாறையையும் கொண்டு தொடங்குவதே முறை. நோயுற்ற பவளத்தை வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது நல்லெண்ணமாக இருக்கலாம். ஆனால் அது கடலிலிருந்து எப்படி வீட்டுக்கு வந்தது என்ற கேள்வி முதலில் எழும்.

கடலில் சிகிச்சை

திறந்த கடலில் நீரை மாற்ற முடியாது. நோயாளியைத் தனிமைப்படுத்துவதும் அரிது. ஆயினும் முயற்சிகள் நடந்துள்ளன. புளோரிடாவில் கரும்பட்டையை உறிஞ்சு குழாயால் இழுத்தெடுத்து, அந்த இடத்தைக் களிமண்ணால் மூடிப் பார்த்தனர். 2014-இல் மயாமி அருகே தோன்றிய கற்பவளத் தசையிழப்பு நோய் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கிக் கரிபியன் முழுவதும் பரவியபோது, அமாக்சிசிலின் என்னும் நோயுயிர்முறியை நீரில் மெல்லக் கரையும் பசையில் குழைத்து, முக்குளிப்போர் ஒவ்வொரு புண்ணின் ஓரத்திலும் கையால் பூசினர். பூசிய புண் பெரும்பாலும் நிற்கிறது. அதே பவளத்தில் வேறிடத்தில் புதுப் புண் வருவதை அது தடுப்பதில்லை. கடலில் நோயுயிர்முறியைக் கலப்பதால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகக்கூடும் என்ற கவலையும் உண்டு. அதனால் நலமான பவளத்திலிருந்து பிரித்த நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பூசும் ஆய்வு நடக்கிறது. நோய் எட்டாத குடியிருப்புகளைப் பெயர்த்து, பல மாநிலங்களின் காட்சியகத் தொட்டிகளில் அடைக்கலமாக வைத்துள்ளனர். தொட்டிக் கலை கடலுக்கு நேராக உதவிய இடம் இதுவே.

மன்னார் வளைகுடா

பெயரைக் கொண்டு மன்னார்குடிக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் முடிச்சுப் போடுவோர் உண்டு. வளைகுடாவின் பெயர் இலங்கையின் மன்னார்த் தீவிலிருந்து வந்தது. மன்னார்குடிக்கு அருகில் உள்ள கடல் முத்துப்பேட்டைக் கழிமுகம். அங்கே பவளம் இல்லை, அலையாத்திக் காடுதான் உண்டு. காரணம் காவிரிக் கிளையாறுகள் கொண்டுவரும் வண்டலும் நன்னீரும். ஒளி புகாத கலங்கல் நீரில் பாசி வாழாது, பாசி இன்றிப் பவளப்பாறை வளராது. தெற்கே மண்டபம், இராமேசுவரம் கரைகளுக்குச் சென்றால்தான் பவளம் தென்படும்.

தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகளைச் சுற்றி அமைந்த இப்பவளப் பாறைகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. உலகின் முதல் பன்னாட்டுப் பவளப்பாறைக் கருத்தரங்கு 1969 சனவரியில் மண்டபத்தில்தான் நடந்தது என்பது தமிழ் வாசகர் பலருக்குத் தெரியாத செய்தி. அதே காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளக்கல் வெட்டி எடுக்கப்பட்டும் வந்தது. பல பத்தாண்டுகள் நீடித்த அவ்வழக்கம் 2005 வாக்கில்தான் நின்றது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இங்கு பெருங்கேடு விளைவித்தவை 1998, 2010, 2016 ஆண்டுகளின் கோடை வெப்பங்கள். 2016 வெளிறலுக்குப் பின் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தது. கிளைப் பவளங்கள் அதிகம் மடிந்தன. உருண்டைப் பாறை போன்ற போரைட்டிஸ் இனம் பெரும்பாலும் மீண்டது. பாக் நீரிணைப் பக்கத்தில் கரும்பட்டை, வெண்பட்டை நோய்களும், டெர்பியோஸ் என்னும் கறுப்புக் கடற்பஞ்சு உயிருள்ள பவளத்தின் மேல் போர்த்துக் கொல்வதும் பதிவாகியுள்ளன.

கடற்பாசி ஒன்றும் நோய் போலவே நடந்துகொண்டது. கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி, கூழ்ப்பொருள் எடுப்பதற்காக மண்டபம் பகுதியில் மிதவைகளில் பயிரிடப்பட்டது. அது குருசடைத் தீவின் அக்ரோபோராப் பவளங்களின் மேல் பாய் விரித்தாற்போலப் படர்ந்து ஒளியை மறைத்துக் கொன்றது 2008-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. பாசி பல கடலோரக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வருவாய் தந்த தொழில் ஆதலால் இதில் எளிய தீர்ப்புக் கூற இயலாது. இதற்குச் சிகிச்சை கைதான்: ஆட்களை இறக்கிப் பாசியைப் பிய்த்தெடுப்பது. ஒரு சிறு துண்டு விடுபட்டாலும் அதிலிருந்தே மீண்டும் வளரும் என்பதால் களையெடுப்பு ஆண்டுதோறும் தொடர வேண்டியிருக்கிறது.

தொட்டியில் கிளையை வெட்டி ஒட்டும் அதே முறை கடலில் மறுசீரமைப்பாகிறது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் 2002 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. நலமான குடியிருப்புகளிலிருந்து எடுத்த சிறு துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டி, கடலடியில் நிறுத்திய கற்காரைச் சட்டங்களின் மேல் வைக்கின்றனர். வண்டல் படியாத உயரம் கிடைக்கிறது என்பதே சட்டத்தின் பயன். நட்டபின் பாசியைத் துடைப்பதும், பவளம் தின்னும் நத்தைகளை எடுப்பதும், கழன்ற கட்டுகளைத் திரும்பக் கட்டுவதுமாகப் பல மாதம் பராமரிப்பு நடக்கும். நாளடைவில் தசை கட்டின் மேல் படர்ந்து பலகையைத் தானே பற்றிக்கொள்கிறது. எந்த இனத்துண்டுகளை எந்த மாதத்தில் நடுவது என்பதில் கோடையைத் தவிர்ப்பதே முதல் விதி. சித்திரை, வைகாசி வெப்பத்தில் நட்ட துண்டு வேர்கொள்ளும் முன்பே வெளிறிவிடும்.