காணா நட்பும் கைத்தொலைபேசியும்



நட்பு என்பது யாது என்னும் வினா புதியதன்று. திருவள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை இப்பொருளுக்கே வகுத்தார். கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தம் ஒழுக்கவியல் நூலின் பத்துப் பகுதிகளுள் இரண்டை நட்பாராய்ச்சிக்கே ஒதுக்கினார். ஆயினும் ஒவ்வொரு தலைமுறையும் இவ்வினாவைத் தானே கேட்டு, தானே விடை காண வேண்டியதாகின்றது. கைத்தொலைபேசியோடு வளரும் இக்கால இளைஞர் காணும் விடை எத்தகையது என்பதை, யாழ்ப்பாணத் தீவகத்தை இடமாகக் கொண்டு இன்று சிறிது ஆராய்வோம்.

தீவகத்தின் நட்பு கடலால் உருவானது. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே வேலணைக்கும், அங்கிருந்து புங்குடுதீவுக்கும் தரைவழி செல்லலாம். குறிகட்டுவான் துறையை அடைந்ததும் பாதை முடிந்துவிடும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் படகேற வேண்டும். நெடுந்தீவை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். இரவில் ஒருவர் நோயுற்றால், அவரைத் தாங்கிச் செல்லவும், படகு தேடவும், மறுகரையில் வாகனம் ஒழுங்குசெய்யவும் ஆள் வேண்டும். இத்தகைய நிலத்தில் நட்பு வெறும் பொழுதுபோக்காக இருத்தல் இயலாது. அது வாழ்வின் தேவையாயிற்று.

1990ஆம் ஆண்டில் மூண்ட போர் இந்நட்பைச் சிதறடித்தது. ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்கள் வன்னியிலும் கொழும்பிலும், பின்னர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் குடியேறினர். வடபகுதியில் தொலைபேசித் தொடர்பு நெடுங்காலம் அறுந்திருந்தது. கடிதம் வந்தால் உண்டு. வராவிடின் நண்பன் உயிரோடிருக்கின்றானா என்பதைக்கூட அறிய வழியில்லை. அந்நாளை அறிந்த எம்மனோர்க்கு, நெடுந்தீவுச் சிறுவன் ஒருவன் கடற்கரையில் நின்று கனடாவிலுள்ள தோழனின் முகத்தை நோக்கி உரையாடுவது சிறிய செய்தியன்று. ஆகவே, கைத்தொலைபேசி நட்பைக் கெடுத்துவிட்டது என ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுதல் எமக்குப் பொருந்தாது.

இனி, இளைஞரின் கருத்தை நோக்குவோம். 2004ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முகநூல் தோன்றியபொழுது, அறிமுகமானவர் அனைவரையும் அது 'நண்பர்' என்னும் ஒரே பெயரால் அழைத்தது. 5000 பேர் வரை அங்ஙனம் சேர்த்துக்கொள்ளலாம் என விதியும் செய்தது. இதனைக் கண்ட முதியோர், இளைஞருக்கு நட்பின் அருமை தெரியவில்லை என வருந்துகின்றனர். ஆனால் எம் மாணவரோடு உரையாடிப் பார்த்தால் வேறோர் உண்மை புலப்படுகின்றது. முகநூலில் இருப்போரை அவர்கள் 'பிரண்ட்ஸ்' என்கின்றனர். உயிர்த்தோழரையோ நம் பழைய யாழ்ப்பாணச் சொல்லால் 'கூட்டாளி' என்கின்றனர். முன்னவர் நூற்றுக்கணக்கினர், பின்னவர் மூவர் அல்லது நால்வரே. இவ்வேறுபாட்டை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

ஆங்கிலேய அறிஞர் றொபின் டன்பார் 1990களில் வெளியிட்ட கருத்தும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. ஒருவர் உண்மையாக உறவு பேணக்கூடியோர் தொகை ஏறத்தாழ 150 என்றும், அவருள் மிக நெருங்கியோர் ஐவர் அளவினரே என்றும் அவர் கூறினார். இவ்வெண்ணை ஏற்காத ஆய்வாளரும் உளர். எனினும் நேரமும் அன்பும் அளவுடையன என்பதை எவரும் மறுப்பதில்லை. கருவி, அறிமுகத்தைப் பெருக்கலாம். ஒரு நாளின் 24 மணி நேரத்தை அதனாற் பெருக்க இயலாது.

அங்ஙனமாயின் துன்பம் எங்கே தோன்றுகின்றது? மூன்று இடங்களைக் குறிப்பிடலாம். முதலாவது, நட்பு கணக்கிடப்படும் பொருளாயிற்று. ஒரு படத்தை எத்தனை பேர் விரும்பினர், அனுப்பிய செய்தி படிக்கப்பட்டதா என்பவற்றைக் கருவி உடனே காட்டிவிடுகின்றது. படித்தும் விடையளிக்காத தோழியின் மௌனம், முன்னர் அறியப்படாதிருந்தது. இன்று இரு நீலக்குறிகளாகக் கண்முன் நிற்கின்றது. அவள் தாய்க்கு உதவியாக அடுக்களையில் நின்றிருக்கலாம் என்று எண்ணும் பொறுமை இளநெஞ்சுக்கு எளிதில் வருவதில்லை.

இரண்டாவது, விலக்கிவைத்தல் எளிதாயிற்று. பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, வட்ஸ்அப் குழுக்களே பல வகுப்புகளுக்கு வகுப்பறையாயின. இன்றும் மாணவர் தமக்குள் குழுக்களை வைத்துள்ளனர். அதிலிருந்து ஒருவரை நீக்க ஒரு விரலசைவு போதும். முன்னாளில் சினங்கொண்ட இருவர் மறுநாள் ஒரே படகில் ஏற நேர்ந்தது. பேசியே ஆகவேண்டிய நிலை வந்தது. இன்று அப்படகிலும் தனித்தனித் திரையை நோக்கி அமர்ந்திருக்கலாம். பிணக்குத் தோன்றுவது எக்காலத்தும் உண்டு. அது தீர்வதற்கான வாய்ப்பே குறைந்துள்ளது.

மூன்றாவது, மறைபொருள் காத்தல் அரிதாயிற்று. நம்பிக் கூறியதைப் படமெடுத்துப் பிறர்க்கு அனுப்புதலும், பொய்ப்பெயரில் வந்து நட்புக் கொண்டாடி அச்சுறுத்தலும் நிகழ்கின்றன. இத்தகைய இடர்ப்பட்ட சிறுவர் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ அஞ்சாது கூறவேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் இதற்கென உள்ளது. பிள்ளை வந்து கூறும்பொழுது, முதலில் அதனை ஏசாதிருத்தல் பெரியோர் கடனாகும். ஏசப்பட்ட பிள்ளை மறுமுறை வருவதில்லை.

காணாத ஒருவரோடு நட்புக் கொள்ளலாமா எனச் சிலர் கேட்கின்றனர். தமிழர் இதற்கு விடை கண்டு நெடுங்காலமாயிற்று. உறையூர் மன்னன் கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டவர் எனப் புறநானூற்றால் அறிகின்றோம். மன்னன் வடக்கிருந்தபொழுது, நண்பர் வருவார் என்று கூறி அவர்க்கும் இடம் ஒதுக்கச் செய்தான். அருகிருந்தோர் ஐயுற்றனர். பிசிராந்தையாரோ வந்தார், உடன் வடக்கிருந்தார். உணர்ச்சி ஒத்திருப்பின் பழக்கம் வேண்டுவதின்று என்னும் குறட்கருத்துக்குப் பரிமேலழகர் இவ்விருவரையே சான்றாகக் காட்டினார்.

இங்கு நாம் நோக்கவேண்டியது அவர் வந்தமையை. காணாமை நட்புக்குக் குறையன்று. வேண்டிய வேளையில் வாராமையே குறை. இவ்வளவுகோல் இக்காலத்துக்கும் பொருந்தும். குறிகட்டுவானில் வாகனத்தோடு காத்துநில் என்று நள்ளிரவில் அனுப்பிய செய்தியைக் கண்டு எழுந்து வருபவன் நண்பன். கடல்கடந்த தோழனுக்கு அது இயலாதாயினும், தனித்திருக்கும் அவன் தாயை வாரந்தோறும் அழைத்து நலம் விசாரித்தல் இயலும். பரீட்சையில் தவறியவனுக்கு ஓர் இரவு செவிசாய்த்தலும் இயலும். இவற்றுக்கு அக்கருவி நல்ல ஏவலாள்.

ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் கருவியைப் பறிப்பதனால் மட்டும் பயன் விளையாது. பந்தாடும் திடலையும், மாலையில் கூடும் வாசிகசாலையையும், கோயில் வீதியில் சேர்ந்து செய்யும் தொண்டையும் பிள்ளைகளுக்குத் திறந்து வைப்போம். இளைஞர்க்கு யான் கூறுவதும் ஒன்றே. உங்கள் பெயர்ப்பட்டியலில் உள்ளோரை எண்ணுவதை விடுங்கள். இந்த வாரம் எவருக்காக எழுந்து சென்றீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வெண் சிறியதாயிருப்பினும், அதுவே உங்கள் நட்பின் உண்மைக் கணக்கு.