தெள்ளாருக்கு எத்தனை கட்டம்?

வந்தவாசிக்கு அடுத்த தெள்ளாரைப் பழைய தமிழ் டைப்ரைட்டரில் அடிக்க எட்டுத் தட்டு வேண்டும். கொம்பு, த, புள்ளி, ள, ள, கால், புள்ளி, ர. புள்ளி நகரா விசை. அதைத் தட்டினால் கேரேஜ் அசையாது. அடுத்துத் தட்டும் எழுத்து புள்ளிக்கு அடியில் போய் உட்காரும். ஆக எட்டுத் தட்டு, ஆறு நகர்வு. படிப்பவர் கண்ணுக்கு நான்கே எழுத்து.

யாழ்ப்பாணத்தில் பிறந்து கடல் கடந்து போன ஆர். முத்தையா 1930களில் தமிழுக்கு இப்படியொரு விசைப்பலகை அமைத்தார். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்கியாக வேண்டும். அதற்குக் கொடுத்த விலை, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ‘ண’ உடம்பைக் குறுக்கிக்கொண்டது. ‘ர’ இருபுறமும் காற்று வாங்கியது. அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஊர்ப் பெயர் ஒரு பத்தி, தொகை ஒரு பத்தி என்று அடித்த பட்டியல் நூல் பிடித்தாற்போல நிற்கும். தலைப்பை நடுவில் நிறுத்த, டைப்ரைட்டிங் லோயர் படித்தவர்கள் நகர்வுகளை எண்ணி, பாதியளவு பின்னால் தள்ளித் தொடங்குவார்கள். புள்ளியை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்று யூனிகோடில் தெள்ளாருக்கு எட்டுக் குறியீடுகள். திரையைச் சமக் கட்டங்களாகப் பிரித்து எழுத்தை வைக்கும் கணிப்பொறியின் கருந்திரை முனையத்தில் எத்தனை கட்டம் பிடிக்கும்? மார்க்கஸ் கூன் எழுதி, பல மென்பொருள்கள் எடுத்தாண்ட, கட்டம் எண்ணும் நிரலைக் கேட்டால் ஆறு என்கிறது. டைப்ரைட்டர் சொன்ன அதே விடை! ஒற்றுமை அதோடு சரி. டைப்ரைட்டரில் ‘கு’ ஒரே விசை, ஒரே நகர்வு. இங்கே இரண்டு கட்டம். ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒன்று. யூனிகோடு பட்டியலில் இகரக் குறி இடம் பிடிக்கும் வகையிலும் ஈகாரக் குறி இடம் பிடிக்காத வகையிலும் இருப்பதே காரணம். நிரல் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை, வகையை மட்டும் பார்க்கிறது. மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் போரில் வென்ற காலத்துப் பெயராகத் தெள்ளாறு என்று எழுதினால், டைப்ரைட்டரில் அதே ஆறு, முனையத்தில் ஏழு.

இந்தக் கட்டக் கணக்கு கிழக்காசியாவுக்காக வந்தது. சீன, ஜப்பானிய எழுத்துக்கு இரண்டு கட்டம், ஆங்கிலத்துக்கு ஒன்று. கிரேக்க ஆல்ஃபா, டிகிரிக் குறி போன்றவை ஜப்பானியத் திரையில் இரண்டு, ஐரோப்பியத் திரையில் ஒன்று. அவற்றை யூனிகோடு ‘ஐயத்துக்குரியவை’ என்று தனியே குறித்தது. விம் என்னும் உரைத்தொகுப்பு மென்பொருளில் அதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. தமிழோ கிழக்காசியாவின் பழைய குறியீட்டு முறைகளில் இருந்ததில்லை. அதனால் யூனிகோடில் அதை ‘நடுநிலை’ என்று ஒதுக்கிவிட்டார்கள். கேட்க மரியாதையாக இருக்கிறது. உண்மையில் எங்கள் அகலத்தை யாரும் அளக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆரணிப் பட்டுத் தறிக்காரருக்கு இந்தச் சிக்கல் சட்டென்று விளங்கும். புட்டா வரையும் கட்டத்தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் இழை; ஒன்றரை இழை என்று ஒன்று கிடையாது. தமிழ் எழுத்துருவிலோ ‘ண’ ஒன்றரைக் கட்டம் கேட்கும், ‘ர’வுக்கு அரையே போதும். எழுத்தைக் கட்டத்துக்குள் குறுக்கும் வேலையை முத்தையா காலத்து அச்சு வார்ப்பவர் செய்தார். முனையங்களுக்காக அதே அக்கறையோடு தமிழ் எழுத்துரு வரைந்தவர்கள் சொற்பம்.

புதிய நிரல்கள் சில உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றுக்கும் சுழியம் போடுகின்றன. அப்போது தெள்ளார் நான்கு கட்டம். எழுத்தை எண்ணினால் சரிதான். ஆனால் கொம்போடு கூடிய ‘தெ’ ஒரு கட்டத்துக்குள் அடங்குவதில்லை; பக்கத்து எழுத்தின் மேல் ஏறிவிடுகிறது. ஒரு நிரல் ஆறு என்றும் இன்னொன்று நான்கு என்றும் கணக்கிட்டால், கர்சர் ஓரிடத்தில் நிற்க, அழிவது வேறு எழுத்து. பெயருக்கு ஐந்து குறியீடு மட்டும் ஒதுக்கிய படிவமானால் ஊர் ‘தெள்ள’ ஆகிவிடும்.

கடைக்காரர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சிறிய பில் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. அதனால் பில் மென்பொருள் தமிழ் வரியைப் படமாக வரைந்து அனுப்புகிறது. தொகைகள் ஒரே கோட்டில் நிற்கின்றன; காகிதம்தான் கொஞ்சம் மெதுவாக வெளியே வருகிறது.