15 பவுண்

அன்புவழிபுரத்தில் இருந்து கடல் தெரியாது. வெளியூர்ச் சொந்தக்காரர் இதை நம்புவதில்லை. திருகோணமலையில் வீடென்றால் படலையைத் திறந்ததும் அலை வந்து காலை நனைக்கும் என்பது அவர்கள் எண்ணம். என் வீட்டுப் படலையைத் திறந்தால் முன்வீட்டு மதில். கடல் வேண்டுமென்றால் சைக்கிளை உழக்கிக்கொண்டு டவுனுக்குப் போகவேண்டும். ஆனாலும் எங்கள் கடலைப் பற்றி நான் அறிந்ததில் பாதி, முற்றத்து முருங்கைக்குக் கீழே கதிரையைப் போட்டுப் போனை நோண்டி அறிந்ததுதான்.

பக்கத்து வளவுப் பெடியன் ஒருவன் கிழமைக்கொரு தொழில் யோசனையோடு வருவான். போன மாதம், கருவாட்டை வடிவான பெட்டியில் அடைத்துக் கனடாவுக்கு அனுப்புவது. அதற்கு முந்தி எருமைத் தயிர். இந்தமுறை நிலாவெளிக்கு வருகிற வெள்ளைக்காரரை வைத்து ஏதோ ஒன்று, முழுதாகச் சொல்லவில்லை. "வெளியில சொல்லிப்போடாதீங்க மாமா. ஐடியாவை அடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்று குரலைத் தாழ்த்தினான். முருங்கையைத் தவிர அங்கே கேட்க ஆளில்லை.

அவனுக்கு ஆதர் சி. கிளார்க்கின் கதையைச் சொன்னேன்.

1945 ஒக்டோபர். கிளார்க்குக்கு வயது 27. பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் வேலை. 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற சஞ்சிகையில் நாலு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு பொருளை ஓடவிட்டால் அது பூமியோடு சேர்ந்தே நாளுக்கொரு சுற்றுச் சுற்றும். கீழே நிற்கிறவனுக்கு அது ஆணி அடித்ததுபோல ஒரே இடத்தில் நிற்கும். அப்படி மூன்றை மூன்று திசையில் நிறுத்திவிட்டால் உலகம் முழுவதற்கும் வானொலியும் தொலைக்காட்சியும் அனுப்பலாம். மனிதன் விட்ட தகரத்துண்டு ஒன்றுகூட அன்றைக்கு வானத்தைச் சுற்றவில்லை. ஸ்புட்னிக்குக்கு இன்னும் 12 வருடம் இருந்தது. கட்டுரைக்குக் கிடைத்த சன்மானம் 15 பவுண்.

"பதினைஞ்சு பவுணா! இண்டைய விலைக்கு என்ன வரும் தெரியுமா மாமா?" பெடியன் எழும்பியே விட்டான். அவன் நினைத்தது தங்கம். ஸ்ரேர்லிங் பவுண் என்று விளக்கியதும் மறுபடி இருந்துவிட்டான்.

காப்புரிமை எதுவும் கிளார்க் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும், வானத்தில் உண்மையாகவே ஒன்று போய் நிற்பதற்குள் அது காலாவதியாகி இருக்கும். 1964இல் சின்கொம் 3 போய் நின்றது. தோக்கியோ ஒலிம்பிக்கை அமெரிக்கா பார்த்தது. அடுத்த வருடம் வியாபாரத்துக்கென்றே 'ஏர்லி பேர்ட்' போனது. கிளார்க் தலையில் கைவைத்துக்கொண்டு குந்தியிருக்கவில்லை. ஓய்வு நேரத்தில் நான் 100 கோடி டொலரை இழந்தது எப்படி என்று கேலியாகத் தலைப்புப் போட்டு இன்னொரு கட்டுரை எழுதினார். அதற்கும் ஏதாவது சன்மானம் வந்திருக்கும். இன்றைக்கு அந்தப் பாதைக்குக் கிளார்க் பாதை என்றே ஒரு பெயர் உண்டு. யோசனையைப் பொத்தி வைத்திருந்தால் அந்தப் பெயரும் கிடைத்திராது.

இதற்குப் பிறகுதான் கதை எங்கள் பக்கம் வருகிறது. வானத்தைப் பற்றி எழுதியே பெயர் எடுத்த மனிதர், 1956இல் இலங்கைக்கு வந்து கடலுக்குள் இறங்கினார். எடையில்லாமல் மிதக்கிற சுகத்தை விண்வெளிக்குப் போகாமலே அனுபவிக்க அவருக்குத் தெரிந்த இடம் கடலடிதான். கூட வந்தவர் மைக் வில்சன், கமெராவும் கையுமான சுழியோடி. இருவரும் கோணேசர் மலையடியில் சுழியோடினார்கள். மேலே இருந்த பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்த கதை எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கல்லில் ஒரு பகுதி கோட்டைக்குப் போனது. கோட்டை வாசலில் இரட்டை மீன் செதுக்கிய கல்லை இன்றைக்கும் பார்க்கலாம்; புள்ளிமான் கூட்டம் மறைக்காவிட்டால். மிச்சக் கல் கடலுக்குள் போனது. அந்தத் தூண்களையும் செதுக்குக் கற்களையும் பாறைகளுக்கிடையே கண்டதைக் கிளார்க் 1957இல் வந்த தன் 'த ரீஃப்ஸ் ஒஃப் டப்ரபேன்' நூலில் எழுதினார். கடலில் இருந்து மீண்டதென்று கோயிலில் காட்டப்படும் லிங்கத்தை எடுத்தவர் வில்சன் என்பார்கள்.

கிளார்க்கைவிட வில்சன் மேல்தான் எனக்கு மையல் கூட. கிளார்க் எண்ணத்தைக் கடதாசியில் வைத்துவிட்டு அடுத்த எண்ணத்துக்குப் போகிறவர். வில்சனுக்குக் கையில் ஏதாவது செய்து பார்க்கவேண்டும். கிளார்க்கின் பணத்தில் 1962இல் அவர் எடுத்த படம் 'ரன் முத்து தூவ'. சிங்களத்தில் முதல் முழுநீள வர்ணப்படம் அதுதான். காமினி பொன்சேகா, ஜீவராணி குருகுலசூரிய, ஜோ அபேவிக்ரம நடித்தார்கள், இசை அமரதேவ. எங்கள் கடலடியில் எடுத்த காட்சிகள் அதில் உண்டு. கறுப்பு வெள்ளைக்குப் பழகிய சனம் கடலுக்குள் நீலத்தைக் கண்டு கொட்டகையை நிரப்பியது. முதல் போட்டவருக்கு நட்டமில்லை. அதே வருடம் கிளார்க்கைப் போலியோ படுக்கையில் போட்டது; பிறகு தேறினாலும் அதன் மிச்சம் முதுமையில் சக்கர நாற்காலிவரை வந்தது. தரையில் தடுமாறிய காலத்திலும் தண்ணீருக்குள் அவர் சுகமாகவே இருந்தார். வில்சனோ 1967இல் ஜேம்ஸ் பொண்டைக் கிண்டலடித்து இன்னொரு படம் எடுத்துவிட்டு, மெல்ல மெல்லக் கதிர்காமத்து முருகன் பக்கம் சாய்ந்து, சுவாமி சிவ கல்கி என்று காவி கட்டிக்கொண்டார். 1995இல் மறைந்தார். கோணேசர் கடலுக்குள் இறங்கிய ஒருவன் முருகனிடம் போய்க் கரையேறியதில் எனக்கு ஆச்சரியமில்லை. தகப்பன் வீட்டில் இருந்து மகன் வீட்டுக்குத்தானே போயிருக்கிறார்.

"இதில பிஸ்னஸ் எங்க மாமா?" என்றான் பெடியன்.

எங்கும்தான். 1975இல் இந்தியா, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கி 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டிப் பார்த்தது. அந்த நேரம் இந்திய விண்வெளிக்காரர் கொழும்பில் கிளார்க்கின் வீட்டிலும் ஒரு பெரிய டிஷ் பூட்டிக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே கிடையாது. முதலாவது வந்தது 1979இல். நாடு முழுக்க ரேடியோ கேட்டுக்கொண்டிருக்க, ஒரு மனிதர் மட்டும் தன் வீட்டில் இருந்து, 15 பவுணுக்கு விற்ற யோசனையைப் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பணம் வரவில்லை. பார்க்கக் கிடைத்தது.

ஒரு வேடிக்கையும் உண்டு. பெடியனின் போனுக்கு வருகிற டேட்டா வானத்தால் வருவதில்லை. இலங்கைக்கு இணையம் பெரும்பாலும் கடலடிக் கம்பியால் வருகிறது. கொழும்புப் பக்கமும் மாத்தறையிலும் அது கரையேறுகிறது. கிளார்க் வானத்தைக் காட்டினார், சாமான் கடலால் வந்தது. இரண்டும் அவருக்குப் பிடித்த இடங்கள்தான்.

இதையெல்லாம் எங்கே பிடித்தேன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த 1945ஆம் ஆண்டுச் சஞ்சிகையை இணையத்தில் பக்கம் பக்கமாக ஸ்கான் பண்ணி வைத்திருக்கிறார்கள். படத்தோடு வாசிக்கலாம், சல்லிக்காசு தேவையில்லை. தமிழுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது எங்களுக்குச் சொல்லித்தந்த பாடத்தின் பலன் அது. பிரதேச மலர்கள், பாடசாலை இதழ்கள், எழுபதுகளின் சஞ்சிகைகள் என்று கடைக்காரன் கச்சான் சுற்றி முடித்திருக்கவேண்டியதெல்லாம் அங்கே பத்திரமாகக் கிடக்கிறது. தேடும்போது எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். திருகோணமலைக்கு 'க்' வைத்தால் ஒரு விளைச்சல், வைக்காவிட்டால் இன்னொன்று. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ஊர்ப்பெயரை ஒவ்வொரு கப்பற்காரனும் தன் வாய்க்கு வந்தபடி எழுதியிருக்கிறான். அந்தப் பிழை எழுத்துகளைப் போட்டால்தான் நல்ல மீன் படுகிறது. 1895இல் 'மோகனாங்கி' எழுதி, தமிழில் சரித்திர நாவலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் எங்கள் ஊர்ச் சரவணமுத்துப்பிள்ளை என்பதையும் பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லவில்லை. இப்படித் துழாவித்தான் கண்டேன்.

பெடியனின் இரகசியம் கடைசியில் வெளியே வந்தது. நிலாவெளியில் இருந்து புறாமலைக்கு வள்ளம் விட்டு, கண்ணாடி மாட்டி, பவளப்பாறை காட்டுவது. ஏற்கனவே எத்தனையோ பேர் செய்கிறார்கள், பாறையும் மிதிபட்டு நோகிறது என்றேன். முகம் சுருங்கியது. கோயில் கல் எங்கே கிடக்கிறது, அது எப்படி அங்கே போனது என்று கதை சொல்லிக் காட்ட ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்தான்.

அடுத்த ஞாயிறு அவனையும் கூட்டிக்கொண்டு திருக்கடலூருக்குப் போனேன். சங்கும் அட்டையும் எடுத்து வயதான ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். காது ஒன்று கேட்காது. ஆழம் போனவர்களுக்கு வருகிற வருத்தம்தான். கிளார்க், வில்சன், புத்தகம் என்று பெடியன் ஆர்வத்தோடு ஒப்புவித்தான். அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"அந்தத் தூணா? எங்கட அப்பா காட்டினவர். எனக்கு அப்ப பதினாலு வயசு."

"ஐயா, இதை நீங்கள் ஆருக்கும் சொல்லேல்லையா?"

"ஆர் தம்பி கேட்டது?"

பெடியன் போனை எடுத்துப் பதிவு பண்ணத் தொடங்கினான். எந்தப் பாறைக்குப் பக்கத்தில் எந்தக் கல், எந்த மாதம் தண்ணி தெளியும், எந்த இடத்தில் நீரோட்டம் ஆளை இழுக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் சார்ஜ் போய்விட்டது. என் போனைக் கொடுத்தேன். அதில் இடமில்லை, முழுக்க ஸ்கான் பண்ணிய புத்தகங்கள்.

"வாடை துவங்க முந்தி வாங்க" என்றார் அவர். "பிறகு தண்ணி கலங்கிப்போகும்."