484 விளக்குகளில் ஒரு டம்ளர் காப்பி

நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் பெயர்ப்பட்டையில் காப்பி ஆவி பறந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன்! அதுவும் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில், உணவுக் கண்காட்சி தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம். அரங்கு முழுக்க பிளைவுட் தூள், பெயிண்ட் வாசனை, சுத்தியல் சத்தம். பாதி எழும்பி நின்ற ஒரு காப்பித்தூள் கடையின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகளை மேசையாக அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு வடிவமைப்பாளர் பெண்ணும் கடைப் பையன் ஒருவனும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மின்னணுப் பேட்ஜுகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். டம்ளர், டவரா, மேலே நெளிநெளியாய் ஆவி! நான் கத்தியே விட்டேன்.

அதற்குப் பிறகு அங்கிருந்து நகர மனம் வருமா? ராத்திரி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

முதலில் அந்தப் பட்டையைப் பற்றி. இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எல்இடி பேட்ஜ்தான். நீளவாக்கில் 44 விளக்கு, உயரவாக்கில் 11. பெருக்கினால் 484. அவ்வளவுதான் மொத்த நிலம். அதற்குள் பெயரும் வர வேண்டும், நிறுவனமும் தெரிய வேண்டும். ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினி 1984ல் வந்தபோது அதன் சின்னச் சின்னப் படங்களை வரைந்த சூசன் கேர், கட்டம் போட்ட நோட்டில் 32க்கு 32 கட்டங்களை நிரப்பி நிரப்பித்தான் வரைந்தார். அவருக்காவது 1024 கட்டம் இருந்தது. இங்கே அதில் பாதிகூட இல்லை!

காப்பித்தூள் நிறுவனத்தின் அசல் முத்திரையைக் காட்டினார்கள். டம்ளர், டவரா, ஆவி, பக்கத்தில் பழத்தோடு ஒரு காப்பிக் கிளை, சுற்றிலும் வளைந்து ஓடும் பெயர், கீழே தொடங்கிய ஆண்டு. பையில் அச்சடித்தால் கம்பீரமாக இருக்கும். 11 வரிசைக்குள் சுருக்கினால்? கணினி தானாகச் சுருக்கித் தந்ததையும் பார்த்தேன். ஏதோ சிதறிக் கிடந்த கடுகு மாதிரி இருந்தது. ஆகவே கையால்தான் வரைய வேண்டும், புள்ளி புள்ளியாக.

ஆவிக்கு 4 வரிசை. டம்ளருக்கு 5. டவராவுக்கு 2. கணக்கு முடிந்தது. டம்ளரின் மேல் விளிம்பு மட்டும் 9 புள்ளி, உடம்பு 7. ஏன் தெரியுமா? அந்த இரண்டு புள்ளி வித்தியாசம் இல்லாவிட்டால் அது தண்ணீர் குடிக்கிற கிளாஸ் ஆகிவிடும். வெளியே மடிந்த விளிம்புதான் காப்பி டம்ளருக்கு முகம். அவர் அந்த ஓரப் புள்ளிகளை அணைத்துக் காட்டினார், கிளாஸ். எரியவிட்டார், காப்பி டம்ளர்! திரும்பத் திரும்பச் செய்து காட்டச் சொன்னேன். ஆப்பிள் நிறுவனச் சின்னத்தை 1977ல் வரைந்த ராப் ஜானாஃப் அதில் ஒரு கடி வைத்ததற்குச் சொன்ன காரணமும் இதே வகைதான்: சின்னதாகப் போட்டாலும் யாரும் அதைச் செர்ரிப் பழம் என்று நினைத்துவிடக்கூடாது.

இதற்கு நடுவில் முதலாளி வந்தார். பேட்ஜைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிளை எங்கம்மா?"

"கிளையை வெச்சா டம்ளர் போயிடும் சார்."

"வருஷம்?"

"அதுவும் வராது சார். ஆனா ஆவி ஆடும், பாருங்க."

பொத்தானை அழுத்தினார். ஆவி ஆடியது. முதலாளியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கிளையைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை.

ஆவி ஆடுவதற்கு இரண்டே சட்டகம் போதும் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. முதல் படத்தில் புள்ளிகள் இடம், வலம், இடம், வலம் என்று ஏறுகின்றன. அடுத்ததில் வலம், இடம், வலம், இடம். இவற்றை மாற்றி மாற்றிக் காட்டினால் கண் அதை நெளிகிற புகையாக எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது சட்டகம் போட்டும் பார்த்தார்கள். புகை பரபரத்தது, காப்பி கொதித்து வழியப்போகிறது போல ஆகிவிட்டது. மறுபடி இரண்டுக்கே வந்தார்கள்.

நிறத்தில் ஒரு பெரிய சிக்கல். இவர்களுடைய நிறம் பழுப்பு. பேட்ஜுகளோ ஆளுக்கொரு நிறம்: சிவப்பு என்றால் சிவப்பு மட்டும், பச்சை என்றால் பச்சை மட்டும், நீலம், வெள்ளை என்று இப்படித்தான். பழுப்பு விளக்கு எங்கே தேடினாலும் கிடைக்காது. ஏனென்றால் பழுப்பு என்று ஓர் ஒளியே கிடையாது! மங்கலான ஆரஞ்சைச் சுற்றி அதைவிட வெளிச்சமான பொருள்கள் இருந்தால்தான் நம் கண் அதைப் பழுப்பு என்று சொல்லும். கறுப்புப் பின்னணியில் தனியாக எரிகிற விளக்கை எவ்வளவு மங்கவைத்தாலும் அது மங்கின ஆரஞ்சாகவே இருக்கும். அந்தப் பெண் இதற்கு என்ன செய்தார் தெரியுமா? வெள்ளை விளக்குப் பேட்ஜுகளாக வாங்கி, நாடக மேடையில் விளக்குக்கு மாட்டுவார்களே, அந்த ஜிலாட்டின் பேப்பரை ஆரஞ்சு நிறத்தில் வாங்கி, பட்டை பட்டையாக நறுக்கி மேலே ஒட்டிவிட்டார். சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்துக்குப் பழுப்பு ஸ்டிக்கர். தூரத்திலிருந்து பார்த்தால் டிகாக்‌ஷனில் விளக்கு போட்ட மாதிரி ஒரு கதகதப்பு. எத்தனையோ கண்காட்சிகளில் மின்னுகிற நீலத்தையும் சிவப்பையும் பார்த்துச் சலித்த எனக்கு அந்த நிறம் பரம சுகமாக இருந்தது.

இப்போது பெயர். தமிழில்தான் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. மாநகரப் பேருந்தின் நெற்றியில் தமிழ் எழுத்து ஓடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். பேருந்துப் பலகைக்கு உயரம் தாராளம். இங்கே 11 வரிசையில் மேலே புள்ளியும் கொக்கியும், நடுவில் எழுத்தின் உடம்பு, கீழே உகரக் கால், எல்லாம் அடங்க வேண்டும். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு வரிசையை இருட்டாக விட்டே தீர வேண்டும். இல்லாவிட்டால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடம்புக்கு 7 வரிசை மிஞ்சினால் பெரிய விஷயம்.

கண்ணன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்துக்கு 7 விளக்கு அகலம். மூன்று சுழி ணகரத்துக்கு 11, அதுவும் இரண்டு தடவை. னகரத்துக்கு 9. எழுத்துகளுக்கிடையே ஒவ்வொன்று. கூட்டிப் பாருங்கள், 41! இருப்பதோ 44. இரண்டு பக்கமும் ஒரு மூச்சு இடம் விட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. ணகரத்தின் மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரிந்தன. அந்தப் பெயர் முதன்முதலாக எரிந்தபோது பையன் துள்ளிக் குதித்தான். ஸ்ரீயில் தொடங்கும் பெயர்தான் படுத்தி எடுத்தது. அதன் சுழிப்பை எத்தனை விதமாக வரைந்தாலும் நண்டாகவே வந்தது. கடைசியில் மேல் வளைவை மட்டும் விட்டுக்கொடுத்து, கீழ்ச் சுழியைக் காப்பாற்றினார்கள். படிக்க முடிகிறது.

பெயரை ஓடவிடலாம், மேலிருந்து இறக்கலாம், பனி மாதிரி கொட்டவிடலாம், சுற்றிலும் எறும்பு ஊர்வதுபோல் விளிம்பு போடலாம். எல்லாம் இந்தப் பேட்ஜில் உண்டு. அவற்றில் ஒன்றையும் அவர் தொடவில்லை. பெயர் அசையாமல் நின்றது. காரணம் கேட்டேன்.

"பேர் ஓடிக்கிட்டே இருந்தா, எதிர்ல நிக்கிறவங்க அது முடியற வரைக்கும் நம்ம நெஞ்சையே பாத்துக்கிட்டு நிக்கணும் சார். எனக்கே பிடிக்காது, என் ஸ்டால்ல நிக்கிற பொண்ணுங்களுக்கு ஏன்?"

இதைவிடச் சரியான வடிவமைப்பு முடிவை நான் கேட்டதில்லை. பேட்ஜில் 8 செய்திகளைச் சேமித்து வைக்கலாம். அவை வரிசையாகச் சுற்றி வரும். அவர் போட்ட வரிசை: பெயர், பெயர், டம்ளர். மறுபடி பெயர், பெயர், டம்ளர். பட்டை அதை மாட்டியிருக்கிற ஆளுக்குச் சொந்தம், நிறுவனம் அதில் விருந்தாளி. எல்லாக் கடைக்காரர்களும் இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

பேட்ஜுக்குள் படத்தை ஏற்றும் வேலை பையனுடையது. ஃபாஸ் ஏஷியா என்ற திறமூல அமைப்பு, 2009ல் தொடங்கியது, பேட்ஜ் மேஜிக் என்று ஒரு செயலியை இலவசமாகத் தந்திருக்கிறது. கட்டத்தில் விரலால் வரைந்தால் புளூடூத் வழியாகப் பேட்ஜுக்குப் போய்விடும். யூஎஸ்பி கம்பி வழியாகக் கணினியிலிருந்தும் அனுப்பலாம். இதில் ஒரு ரகசியம், எனக்குச் சொன்னபோது சிலிர்த்துவிட்டது: பேட்ஜுக்கு ஒவ்வொரு தடவை அனுப்பும் தகவலும் டபிள்யூ, ஏ, என், ஜி என்ற நான்கு எழுத்தோடுதான் தொடங்க வேண்டும். வாங்! அதைச் சொல்லாவிட்டால் பேட்ஜ் கதவே திறக்காது.

484 விளக்குக்கு 484 கம்பியா உள்ளே இருக்கிறது? இல்லவே இல்லை. எல்இடியில் மின்சாரம் ஒரு பக்கமாகத்தான் ஓடும். அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு, இரண்டு முனைகளுக்கு நடுவே எதிரெதிர்த் திசையில் இரண்டு விளக்குகளை மாட்டிவிடலாம். அந்தக் கணக்கில் 23 முனை இருந்தால் 506 விளக்குவரை கட்டி மேய்க்கலாம். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் எரியாது. மாறி மாறி, கண் பிடிக்க முடியாத வேகத்தில் எரிந்து அணையும். இதனால் வருகிற வினை புகைப்படக்காரருக்கு. ஷட்டர் வேகம் அதிகமாக இருந்தால் படத்தில் பாதி டம்ளர்தான் விழும், ஆவி காணாமல் போகும். கண்காட்சியில் எடுத்த படத்தை முதலாளி சுவரில் மாட்ட ஆசைப்படுவார் இல்லையா? ஷட்டரைக் குறைத்து எடுக்கும்படி புகைப்படக்காரருக்கு அப்போதே தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. பின்புறம் காந்தம், பட்டுப் புடவையில் ஓட்டை விழாது. ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் காந்தத்தை நெஞ்சில் மாட்டக்கூடாது. அதைக் கேட்டறிந்து ஒருவருக்கு ஊக்கு வைத்த பேட்ஜ் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள்.

பேட்ஜ் வெறும் பெயர்ப்பலகை இல்லை, அது ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையை உலகத்துக்குத் தொற்ற வைத்தவர்களில் லாஸ் வேகாஸின் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டுக்காரர்களை மறக்க முடியாது. 2006ல் ஜோ கிராண்ட் அவர்களுக்காக வடிவமைத்தது அந்த மாநாட்டின் முதல் மின்னணு பேட்ஜ்: மண்டையோட்டுச் சின்னமாகவே வெட்டிய சர்க்யூட் பலகை, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நீல விளக்கு. 2024ல் அதே மாநாடு கொடுத்த பேட்ஜில் விளையாட்டே விளையாடலாம். ஜெர்மனியின் கேயாஸ் கணினி மன்றம் தன் கோடை முகாமுக்கு 2015ல் தந்த பேட்ஜ் ஒரு வானொலிக் கருவி. 2023ல் தந்தது பூ வடிவத்தில் ஓர் இசைக்கருவி! பிரித்து மேயப் பிறந்தவர்களின் கூட்டம், பிரித்து மேய ஒரு பொருளையே கழுத்தில் மாட்டிவிடுகிறது. எழுதிக் காட்டுகிற பெயரைவிட இது எத்தனை மடங்கு பேசுகிறது!

காப்பிக்கடைக்கு அப்படி ஒன்று வேண்டாமா? வேண்டும் என்று அந்தப் பையனும் நினைத்திருக்கிறான். ஒன்பது மணிக்கு மேல் அவன் மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, காப்பியை ஆத்தினா எப்படி இருக்கும்?"

"எப்படிடா?"

"என் பேட்ஜ்ல டம்ளர் சாயட்டும். காப்பி அப்படியே ஓரம் வரைக்கும் ஓடட்டும். பக்கத்துல நிக்கிற அண்ணன் பேட்ஜ்ல டவராவுல வந்து விழட்டும்."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். நானும்தான்! உடனே வரைய ஆரம்பித்தார்கள். முதல் பேட்ஜில் சாய்கிற டம்ளர், 44வது விளக்கு வரை நீளும் காப்பித் தாரை. இரண்டாவதில் முதல் விளக்கிலிருந்து உள்ளே பாயும் தாரை, நிறைகிற டவரா. தாரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற சட்டகத்தை மட்டும் ஒரு மணி நேரம் இழைத்தார்கள். இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். மூன்றாவது தடவையில் அமைந்தது. ஒருவர் நெஞ்சிலிருந்து இன்னொருவர் நெஞ்சுக்குக் காப்பி பாய்ந்தது! பக்கத்துக் கடையில் தச்சு வேலை பார்த்தவர்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். மறுபடி ஆற்றச் சொன்னார்கள்.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு பேட்ஜும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது. இரண்டும் இம்மியளவு வேறுபடும். கொஞ்ச நேரம் போனால் டம்ளர் சாய்வதற்கு முன்பே டவரா நிறைய ஆரம்பிக்கும். பேட்ஜுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் வழியில்லை. அதற்கும் முடிவெடுத்தார்கள்: கடைக்கு யார் வந்து காப்பி கேட்டாலும், ஊற்றிக் கொடுப்பதற்கு முன் இருவரும் சேர்ந்து பொத்தானை அழுத்த வேண்டும். வருகிறவர் முதலில் பேட்ஜில் காப்பி ஆற்றுவதைப் பார்ப்பார், அப்புறம் கையில் வாங்குவார். பையன் அதைக் கடையில் தன் பக்கத்தில் நிற்கப்போகும் அண்ணனோடு ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தான். முதலாளி நிஜ டம்ளரோடு எதிரே நின்று, வாடிக்கையாளர் வேஷம் கட்டி, "ஒரு காப்பி கொடுப்பா" என்று ஐந்தாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.