மலைப்பையும் விமானப் பிரயாணமும்

மலைப் பாதைகளில் நடப்போர் முதுகில் சுமக்கும் பை, மனித உடலின் அமைப்பை அளந்து செய்யப்பட்ட ஒரு கருவியாகும். தோளுக்கு இரண்டு வார்கள், மார்புக்குக் குறுக்கே ஒரு சிறு வார், இடுப்பைச் சுற்றி அகலமான பஞ்சு வைத்த வார், பையின் இருபுறமும் சுமையை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய வார்கள் என்று அதன் சிறப்பெல்லாம் வார்களிலேயே அடங்கியிருக்கிறது. முதுகிலே இருக்கும்வரை இவை நமக்குத் துணை. விமான நிலையத்தில் பையைச் சரக்கறைக்கு ஒப்படைத்த கணத்திலிருந்து இவையே அதற்குப் பகையாகின்றன. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்துகொண்டால், பாதுகாக்கும் வழிகளும் தாமே விளங்கும்.

முன்னாளில் இந்தக் கவலை எழவில்லை. 1953-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தை வென்ற குழுவினரின் சாமான்கள் கப்பலில் பம்பாய்க்கு வந்து, பிறகு ரயிலில் ஏறி நேபாள எல்லையை அடைந்தன. பெட்டிகளில் வந்தவை காத்மண்டுப் பள்ளத்தாக்கிலேதான் சுமை தூக்குவோருக்குப் பங்கிடப்பட்டன. இன்றோ சென்னையிலோ பெங்களூரிலோ விடியற்காலையில் புறப்படுகிறவர், பொழுது சாய்வதற்குள் பாக்டோக்ராவிலோ டேராடூனிலோ இறங்கிவிடுகிறார். 1954-இல் டார்ஜிலிங்கிலும், 1965-இல் உத்தரகாசியிலும் தொடங்கப்பெற்ற மலையேற்றப் பயிற்சி நிலையங்களை நாடித் தென்னாட்டிலிருந்து செல்லும் இளைஞர்களில் பலரும் இவ்வழியே செல்கின்றனர். பையும் அவர்களோடு பறக்கிறது.

இடுப்பு வாரின் பெருமையை இங்கே சற்று விளக்குதல் வேண்டும். அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் கெல்ட்டி என்பவர் 1952-ஆம் ஆண்டில் அலுமினியச் சட்டம் பொருத்திய முதுகுப்பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். சுமையைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின்மேல் அமர்த்துவது அவர் பரப்பிய முறை. இன்றைய பைகளில் சட்டம் உள்ளே மறைந்துவிட்டது. ஆயினும் முறை அதுவே. நன்றாகப் பொருத்திய பையில் பாரத்தின் பெரும்பகுதியை இடுப்பே தாங்குகிறது. அந்த இடுப்பு வாரைப் பூட்டுவது கட்டைவிரல் அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் பக்கிள். அது உடைந்தால் 15 கிலோ பாரமும் தோளில் விழும், கழுத்து விறைக்கும், செங்குத்தான இறக்கத்தில் பை ஆடி நடையின் நிதானம் தவறும். ஒரு முறை டேராடூன் வழியாகச் சென்ற நம் குழுவில் ஒருவருடைய பக்கிள் இரண்டாகப் பிளந்து வந்தது. கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டு நான்கு நாள் நடந்தார். அவர் இடுப்பில் கயிறு அறுத்த தழும்பு ஊர் திரும்பிய பிறகும் ஆறவில்லை. உடைந்த பொருளின் விலை அற்பமானது. துன்பமோ நான்கு நாள்.

இனி, பை நம் கையை விட்டபின் செல்லும் வழியைப் பார்ப்போம். முதலில் கன்வேயர் எனப்படும் ஓடும் பட்டையின்மேல் அது வைக்கப்படுகிறது. பெரிய நிலையங்களில் பட்டை ஒன்றன்று. ஒன்று முடியும் இடத்தில் மற்றொன்று தொடங்குகிறது. இரண்டும் கூடும் இடத்திலே ஒரு சிறு இடைவெளி இருக்கும். திருப்பங்களில் உருளைகள் சுழல்கின்றன. எந்தப் பை எந்த விமானத்துக்கு என்று பிரிக்கும் இடத்தில் இயந்திரக் கைகள் அதைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. பெட்டியாக இருந்தால் வழுக்கிச் செல்லும். தொங்கும் வாரோ இடைவெளிக்குள் நுழைந்து உருளையைச் சுற்றிக்கொள்கிறது. பட்டை இழுக்கிறது; பையின் பாரம் எதிர்த்து இழுக்கிறது; இரண்டுக்கும் நடுவில் தையல் விட்டுவிடுகிறது, அல்லது பக்கிள் நொறுங்குகிறது. சில வேளைகளில் பட்டையே நின்று, பின்னால் வரும் பைகளெல்லாம் தேங்குவதும் உண்டு.

இந்தச் சேதத்துக்கு ஈடு கேட்கலாமே என்று நேயர்கள் எண்ணலாம். பல விமான நிறுவனங்களின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தால், வார், கைப்பிடி, சக்கரம் போன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகளுக்கு நேரும் சேதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை என்று எழுதியிருக்கும். முதுகுப்பையில் உடைவதோ பெரும்பாலும் அவைதாம். ஆகவே நம் பையை நாமே காத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை என்றே கொள்ளவேண்டும்.

காப்பதில் முதற்படி கட்டுவது. இதற்குச் செலவு ஏதுமில்லை. பத்து நிமிட நேரம் போதும். பையைக் குப்புறக் கிடத்தி, தோள் வார்களை முடிந்தமட்டும் இறுக்கி முதுகுப் பக்கத்தோடு ஒட்டச் செய்யவேண்டும். மார்பு வாரைப் பூட்டிவிட வேண்டும். இடுப்பு வாரை நாம் அணியும் திசைக்கு எதிர்த் திசையில், அதாவது பையின் வயிற்றுப் பக்கமாகத் திருப்பி, பையையே அணைத்தாற்போலப் பூட்டி இறுக்கவேண்டும். இவ்வாறு செய்தால் பக்கிள் பையின் உடலோடு ஒட்டிக்கொள்ளும், தனியாக ஆடாது. வாரின் மிஞ்சிய நுனிகளைச் சுருட்டி, வாரினடியிலேயே செருகலாம். ஒட்டும் நாடாவால் ஒரு சுற்றுச் சுற்றினாலும் சரி. மேல்மூடியை நன்றாகத் தாழ்த்தி இறுக்கவேண்டும். வெளியே தொங்கும் தண்ணீர்க் குப்பி, தகரக் குவளை, சுருட்டிய விரிப்பு யாவும் உள்ளே போகட்டும். மலைநடைக் கோல்களை மடக்கி உள்ளே நெடுக்காக வைத்து, கூர்முனைகளுக்குத் துணி சுற்ற வேண்டும். இக்கோல்களைப் பிரயாணிகளின் அறைக்குள் கொண்டுசெல்லப் பொதுவாக அனுமதிப்பதில்லை.

பை பாதி காலியாக இருத்தலும் நன்றன்று. தொய்ந்த பை எளிதில் மடிந்து சிக்குகிறது. உள்ளிருக்கும் அலுமினியத் தகடும் வளைகிறது. கம்பளிச் சட்டைகளையும் உறக்கப் பையையும் ஓரங்களில் அடைத்துக் கெட்டியான உருண்டையாக ஆக்கிவிட்டால், பை ஒரு மூட்டையின் குணத்தைப் பெறும். மூட்டைக்கு இயந்திரத்தினால் பெரிய தீங்கு இல்லை.

அடுத்தது உறை. மலையில் மழைக்குப் போர்த்தும் மெல்லிய உறையையே பலரும் இதற்கும் உபயோகிக்கின்றனர். அதை வழக்கம்போல் முன்பக்கம் மாட்டினால் வார்கள் வெளியிலேயே நிற்கும். திருப்பி, வார்கள் இருக்கும் முதுகுப் பக்கத்தை மூடுமாறு மாட்டி, குறுக்கே கயிறு கட்டினால் ஓரளவு பயனுண்டு. எனினும் அத்துணி மிக மெல்லியது. பட்டையில் உராய்ந்து கிழிந்தால் மலையில் மழை பெய்யும்போது கைவிட்டுவிடும். விமான நிலையங்களில் பணம் பெற்றுக்கொண்டு பிளாஸ்டிக் படலம் சுற்றித் தருகிறார்கள். அது வார்களை நன்றாக அடக்குகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு முறைக்குமேல் உதவாது; மேலும், பிரித்தெடுத்த படலத்தை எங்கே போடுவது? குப்பையை அகற்றவே திண்டாடும் மலையூர்களுக்குச் சென்னையிலிருந்து குப்பை கொண்டுபோவது நமக்கு உவப்பாக இல்லை.

நம் அபிப்பிராயத்தில் ஏழைக்கும் செல்வருக்கும் பொருந்துவது சாக்கு. அரிசியோ உரமோ வரும் நெய்த பிளாஸ்டிக் சாக்கு எடை குறைந்தது, வழுக்கிச் செல்வது, எளிதில் கிழியாதது. 40 லிட்டர் அளவுள்ள பை 50 கிலோ அரிசிச் சாக்கினுள் பெரும்பாலும் அடங்கிவிடும். 60 லிட்டர் பைக்கு அது போதாது. இரண்டு சாக்குகளின் பக்கத் தையலைப் பிரித்து ஒன்றாக மூட்டவேண்டும். தபாலாபீசு வாசல்களில் பார்சலுக்குத் துணி தைத்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்போர்க்கு இந்தக் கைவேலை புதிதன்று. ஆனால் பார்சலைப் போல வாயைத் தைத்துவிடக் கூடாது. பையின் உள்ளே ஐயத்துக்குரிய பொருள் தென்பட்டால் பாதுகாப்பு அதிகாரிகள் அதைத் திறந்து பார்ப்பார்கள். தையலையும் இறுகிய முடிச்சையும் கத்தியால் அறுப்பதல்லாமல் அவர்களுக்கு வேறு வழி இராது. இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட்டு, அதன் அருகிலேயே மாற்றுக் கயிறு ஒன்றும் கட்டி வைப்பது உத்தமம். வசதியுள்ளோர் ஜிப் வைத்த பெரிய டஃபல் பை ஒன்றை வாங்கி, முதுகுப்பையை அதனுள் இட்டு அனுப்பலாம். உள்நாட்டு விமானங்கள் பலவற்றில் இலவசமாக அனுமதிக்கும் எடை 15 கிலோவே ஆதலால், உறையின் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இங்கே ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் நாட்டுக்குள் பறக்கும் விமானங்கள் பலவற்றில் சாமான்கள் ஒவ்வொன்றாகக் கையினாலேயே அடுக்கப்படுகின்றன. சரக்கறையின் உயரம் சுமார் 4 அடி. அதனுள் ஒரு தொழிலாளி முழந்தாளிட்டபடி, வெயிலிலும் புழுக்கத்திலும், பை பையாக வாங்கி அடுக்குகிறார். கைப்பிடி ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால் அதைப் பிடித்துத் தூக்குவார். தெரியாவிட்டால் எது கைக்குக் கிட்டுகிறதோ அதைப் பிடித்துத்தான் இழுப்பார்; அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆதலால் வார்களையெல்லாம் மறைத்தபின், உறுதியான ஒரு பிடியை மட்டும் வெளியே விட வேண்டும். பையின் உச்சியிலுள்ள தூக்கு வளையத்தைச் சாக்கில் ஒரு துளையிட்டு வெளியே எடுத்துவிட்டால் போதும்.

பையை ஒப்படைக்கும்போது, அதைத் தட்டில் வைத்து அனுப்ப இயலுமா என்று பணியாளரிடம் கேட்பதும் நன்று. முதுகுப்பைகளுக்கென்றே அகன்ற பிளாஸ்டிக் தட்டுகள் பல நிலையங்களில் உண்டு. பையின்மேல் பழைய பிரயாணத்தின் அடையாளச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கிழித்தெறிய வேண்டும். இல்லையேல் இயந்திரக் கண் பழைய ஊரைப் படித்துவிடக் கூடும். பெயரும் தொலைபேசி எண்ணும் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு இடங்களில் இருக்கட்டும். சாக்கினுள் இட்ட பைக்கு இது இன்னும் அவசியம். சாக்கு கிழிந்து பை தனியே பிரிந்தாலும் உரியவரை அடையும்.

லடாக்குக்குச் செல்வோர்க்குத் தனியாகச் சில சொற்கள். லே விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பறக்கும் விமானத்துள் காற்றின் அழுத்தத்தைச் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்கு உரிய அளவுக்குக் குறையாமல் வைத்திருப்பது வழக்கம். ஆகவே லேயில் இறங்கும்போது, வானில் இருந்ததைவிடத் தரையில் காற்று மெலிந்திருக்கும் விந்தையைக் காண்கிறோம். சமவெளியில் மூடிய எண்ணெய்க் குப்பி, பற்பசைக் குழாய், ஊறுகாய்ப் பொட்டலம் ஆகியவற்றினுள் அடைபட்ட காற்று அங்கே உப்புகிறது. மூடி தளர்ந்திருந்தால் உள்ளிருப்பது வழிகிறது. குழாய்களிலும் பொட்டலங்களிலும் உள்ள காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மூடிகளை இறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் இட வேண்டும். உறக்கப் பையில் ஊறிய ஊறுகாய் எண்ணெய் ஊர் திரும்பும்வரை மணக்கும். மற்றொன்று: லடாக்குக்கு ஏற்ற பருவம் டில்லியில் மழைக்காலம். விமானத்துக்குக் காத்திருக்கும் சாமான் வண்டி திறந்த வெளியில் நனைய நேரும். உறைக்குள் நீர் புகுந்தாலும் உடைகள் நனையாதபடி, பையின் உட்புறம் முழுவதற்கும் ஒரு தடித்த பாலிதீன் பை விரித்து, அதனுள் யாவற்றையும் அடுக்குவது நலம்.

சரக்கறைக்குள் போகவே கூடாதவை சில. அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை எந்த வகையிலும் விமானத்தில் கொண்டுசெல்லலாகாது. காலியானதாயினும் விட்டுவிடுதல் நன்று. மலையடிவார ஊரில் அதை வாங்கிக்கொள்ளலாம். தீப்பெட்டிக்கும் லைட்டருக்கும் நம் நாட்டில் இடமில்லை. பவர் பேங்க், தனியாக உள்ள லித்தியம் மின்கலம் ஆகியவை கைப்பையில் வர வேண்டியவை. சரக்கறையில் தீப்பற்றினால் அணைக்க ஆளில்லை என்பதே காரணம். இவற்றில் ஒன்றைப் பையினுள் மறந்து வைத்துவிட்டால், கட்டிய கட்டெல்லாம் அவிழ்க்கப்படும்.

பை ஒரு நாள் பிந்தி வந்தால் என்ன செய்வோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். உறக்கப் பையை வாடகைக்குப் பெறலாம். கம்பளிச் சட்டையைக் கடையில் வாங்கலாம். காலுக்குப் பழகிய பூட்சை எங்கும் வாங்க முடியாது. ஆதலால் பூட்ஸ் காலில் இருக்கட்டும். மருந்தும் கண்ணாடியும் அனுமதிச் சீட்டுகளும் கைப்பையில் இருக்கட்டும்.

இறங்கிய இடத்தில் பை வந்ததும், மண்டபத்தை விட்டு வெளியேறுமுன் சாக்கைப் பிரித்து, பையை ஒரு முறை முதுகில் மாட்டி, எல்லா பக்கிள்களையும் பூட்டிப் பார்க்க வேண்டும். குறையிருந்தால் அங்கேயே நிறுவனத்தாரிடம் எழுத்துமூலம் பதிவு செய்து நகல் பெறவேண்டும். வெளிநாட்டுப் பிரயாணங்களுக்கு உரிய 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்தைப் பை பெற்ற 7 நாட்களுக்குள்ளும், தாமதத்தைப் பை கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். ஈடு கிடைக்கட்டும், கிடைக்காமற்போகட்டும்; மலை காத்திருக்காது. ஆதலால் தைக்காமலே பொருத்தக்கூடிய மாற்றுப் பக்கிள் ஒன்றையும், தடித்த ஊசியையும், மெழுகிட்ட நூலையும் கைவசம் வைத்திருப்போர் அன்றே புறப்படலாம். அறுந்த வாரை அங்குள்ள செருப்புத் தைக்கும் தொழிலாளி அரைமணி நேரத்தில் பையோடு சேர்த்துத் தைத்துவிடுவார். அவிழ்த்த சாக்கை எறிய வேண்டாம். மடித்துப் பையின் அடியில் வைத்தால், கூடாரத்து வாசலில் ஈரப் பூட்சை வைக்கும் மிதியடியாகும். திரும்பும் நாளில் மறுபடியும் உறையாகும்.