‘டெக்னிக்கல்’ என்றால் போதுமா?

புனேக்கும் சென்னைக்கும் இடையே அடிக்கடி பறக்க வேண்டிய பிழைப்பு எனக்கு. லோஹகாவ் விமான நிலையத்தின் இரவுக் காத்திருப்புகள் எனக்கு அத்துப்படி. ஒன்பது மணி விமானம் பத்தரை ஆகும், பிறகு பன்னிரண்டு. கேட்டில் நிற்கும் பெண் தலை நிமிராமல் “டெக்னிக்கல் இஷ்யூ சார்” என்பாள். பாதிக் கூட்டம் கத்தும், கால்வாசி வீடியோ எடுக்கும், மிச்சம் சமோசா வாங்கப் போகும். “அந்தக் காரணத்தை எழுதிக் கொடும்மா” என்று கேட்கும் ஒருவரை இதுவரை நான் பார்க்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் புனே கட்கியில் இருக்கும் பெரியவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பேத்தியின் காதுகுத்துக்குக் கிளம்பியவர். விமானம் ரத்தாகி, மறுநாள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். “தம்பி, ஏதாவது கிடைக்குமா?” என்று கேட்டார். கையில் என்ன இருக்கிறது என்றேன். சட்டைப் பையிலிருந்து மடித்துக் கசங்கிய போர்டிங் பாஸை எடுத்து மேஜையில் வைத்து நீவினார். அவ்வளவுதான். டிக்கெட்டில் இருந்தது ஏஜென்ட்டின் செல்பேசி எண். ரத்துச் செய்தி அவனுக்குப் போயிருக்கிறது, அவன் தூங்கிவிட்டான். போதாக்குறைக்கு, கேட்டில் யாரோ சொன்னார்கள் என்று பேரன் ஆப்பில் ‘கேன்சல்’ பொத்தானை அழுத்தியிருக்கிறான். பதிவேட்டில் அது பயணி தானாகச் செய்த ரத்து. அந்த விமான நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் நம் ஆட்களின் மேலும் கோபம். இதே தவறுகளை நாலைந்து வீடுகளில் பார்த்துவிட்டேன்.

விமானி அறைக்குள் என்ன மாறியது என்று கொஞ்சம் தெரிந்தால், அந்த ‘டெக்னிக்கல்’ என்ற சொல் எவ்வளவு பெரிய சாக்குமூட்டை என்று புரியும். 1976-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கிய ஏர்பஸ் ஏ300-ன் காக்பிட்டில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். சுவர் முழுக்க வட்ட வட்டமாக முள் கடிகாரங்கள். அவற்றைக் கண்காணிப்பதற்கென்றே ஃப்ளைட் இன்ஜினீயர் ஒருவர். எண்பதுகளில் முள் போய்த் திரை வந்தது, மூன்றாவது நாற்காலியும் போனது. 1988-ல் சேவைக்கு வந்த ஏ320-ல் விமானியின் கைப்பிடிக்கும் இறக்கைக்கும் நடுவில் கம்ப்யூட்டரே உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஆண்டே அது இந்தியாவுக்கு வந்தது. 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் ஒன்று ஓடுபாதைக்குச் சற்று முன்னால் விழுந்து, 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். இன்ஜின் சும்மா சுழலும் நிலையில் இருந்ததையும் வேகம் குறைவதையும் விமானிகள் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்றது விசாரணை. அந்த ரக விமானங்களையே அரசு பல மாதம் தரையில் நிறுத்தியது. இன்று லோஹகாவில் இறங்குவதில் பெரும்பங்கு அதே ஏ320 குடும்பம்தான். பல கோடிப் பயணிகளைப் பத்திரமாகச் சேர்த்த விமானம் அது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதில் வரும் கோளாறு இப்போது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கோளாறு. தரையில் நிற்கும் விமானத்தில் திடீரென்று விளக்கணைந்து, ஏசி நின்று, இரண்டு நிமிடத்தில் எல்லாம் திரும்ப வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? சில சமயம் அது, கம்ப்யூட்டர்களை மொத்தமாக அணைத்துப் போட்டுப் பார்ப்பதுதான். வீட்டு மோடத்துக்கு நாம் செய்யும் அதே வைத்தியம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2025 நவம்பரில் நடந்த இரண்டைப் பாருங்கள். 7-ஆம் தேதி டெல்லியில், விமானத் திட்டங்களை அனுப்பும் கணினி அமைப்பு படுத்தது. 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. 28-ஆம் தேதி ஏர்பஸ் நிறுவனம், கடுமையான சூரியக் கதிர்வீச்சு ஏ320-ன் கட்டுப்பாட்டுக் கணினித் தரவைக் கெடுக்கலாம், மென்பொருளை உடனே மாற்றுங்கள் என்றது. உலகம் முழுக்க சுமார் 6,000 விமானங்கள், இந்தியாவில் 338. டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், மாற்றாமல் பறக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. மூன்றாவதாக, ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் விமானத்தில் மட்டும் ஒரு திரை இருண்டுபோகிறது என்று வையுங்கள். மூன்றுக்கும் கேட்டில் ஒரே பதில்தான்: “டெக்னிக்கல் இஷ்யூ சார்.”

ஆனால் சட்டத்தின் கண்ணில் மூன்றும் வேறு வேறு. பயணிகள் வசதிக்கான டிஜிசிஏ விதியில் (பிரிவு 3, வரிசை எம், பகுதி 4) இழப்பீட்டுக்கு விலக்குகள் எழுதியிருக்கின்றன: வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், வானிலை, பாதுகாப்பு அச்சுறுத்தல், விமானத்தைப் பாதிக்கும் அரசு உத்தரவு, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு (ஏடிசி). முதலாவது கட்டுப்பாட்டுத் தரப்பின் கோளாறு, இரண்டாவது அரசு உத்தரவு. இரண்டிலும் நிறுவனம் கைவிரிக்கலாம். மூன்றாவது? தனி ஒரு விமானத்தின் பழுது அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லவே இல்லை. ‘எங்கள் கட்டுப்பாட்டை மீறியது’ என்று நிறுவனம் சொல்லத்தான் செய்யும். சொன்னால் நிரூபிக்கட்டும். வழக்கமான பராமரிப்பில் வெளிப்படும் தொழில்நுட்பப் பழுது அசாதாரணச் சூழ்நிலை ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் வாதத்துக்கு உதவும். நம் உச்ச நீதிமன்றமும் 2021-ல் ஒரு ரயில் தாமத வழக்கில், தாமதத்துக்கான காரணத்தை நிரூபிக்காத ரயில்வே இழப்பீடு தர வேண்டும் என்றது.

புனேக்காரர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. லோஹகாவ் விமானப் படைத் தளம். ஓடுபாதையும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் படையின் கையில், பயணிகள் விமானம் அங்கே குடித்தனக்காரர்தான். ஆகவே ‘ஏடிசி அனுமதி வரவில்லை’ என்ற காரணம் இங்கே எளிதில் நம்பப்படும். இரவில் ‘டெக்னிக்கல்’ என்று கேட்டில் சொன்னது, ஒரு மாதம் கழித்து வரும் பதில் கடிதத்தில் ‘ஏடிசி’ ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்? அதனால்தான் சொல்கிறேன்: காரணத்தை அன்றைக்கே, அங்கேயே, எழுத்தில் வாங்குங்கள்.

உங்களுக்கு என்ன உரிமை? சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை, பெங்களூரு போன்ற இரண்டரை மணி நேரத்துக்குட்பட்ட பயணத்தில், நீங்கள் நேரத்துக்குச் செக்-இன் செய்திருந்து இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி. ஆறு மணி நேரத்தைத் தாண்டும் தாமதம் என்றால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம். 24 மணி நேரத்தைத் தாண்டினால், அல்லது இரவு 8 முதல் அதிகாலை 3 வரை கிளம்பும் விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ஓட்டல் அறை. ரத்து என்றால், இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்கு முன்பு வரை சொல்லி, மாற்று விமானமோ பணமோ தந்தாலும் இல்லை. அதற்கும் பிந்திச் சொன்னால், பணத்தைத் திருப்புவதோடு இழப்பீடும் உண்டு: ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு ₹5,000, இரண்டு மணி வரை ₹7,500, அதற்கு மேல் ₹10,000, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. வெறும் தாமதத்துக்கு இந்த விதியில் ரொக்கம் கிடையாது. அதற்கு நுகர்வோர் ஆணையம்தான்.

இதே விதியில் பலரும் படிக்காத வரி ஒன்று இருக்கிறது. முன்பதிவில் போதிய தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை. கட்கிப் பெரியவர் விழுந்த பள்ளம் அதுதான். ஏஜென்ட்டின் எண் உங்கள் எண் அல்ல. டிக்கெட் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதில் யாருடைய செல்பேசி எண், யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள்.

அந்த இரவில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள், நேரம் தெரியும்படி. வந்த குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். கேட்டில் எழுத்துக் காரணம் கேளுங்கள். தர மாட்டார்கள். பரவாயில்லை, அங்கே உட்கார்ந்தபடியே நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு நாலு வரி அனுப்புங்கள்: பிஎன்ஆர், விமான எண், தேதி, அட்டவணை நேரம், “இத்தனை மணிக்குக் கேட்டில் தொழில்நுட்பக் கோளாறு என்று சொன்னீர்கள், கோளாறு இந்த விமானத்திலா, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலா, அரசு உத்தரவாலா என்று எழுத்தில் தெரிவிக்கவும், இத்தனை மணிக்குச் சாப்பாடு கேட்டேன், தரவில்லை.” இந்த நாலு வரிக்கு இருக்கும் பலம் நாற்பது நிமிட வீடியோவுக்கு இல்லை. சொந்தக் காசில் சாப்பிட்டால், டாக்சி பிடித்தால், ரசீதுகளை வையுங்கள். நீங்களாக ‘கேன்சல்’ அழுத்தாதீர்கள். நிறுவனம் அனுப்பும் இணைப்பில் ‘ரீஃபண்ட்’ என்று இருப்பதைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ‘கிரெடிட் ஷெல்’ என்று பணத்தை அவர்களிடமே நிறுத்திவைப்பது உங்கள் விருப்பம். கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை இல்லை.

தயவுசெய்து விமானியிடம் கத்தாதீர்கள். திரையில் ஒரு எச்சரிக்கை மின்னும்போது பறக்க மறுக்கும் விமானி நமக்கு நல்லதுதான் செய்கிறார். 2024 ஜனவரியில் டெல்லியில், தாமதத்தை அறிவித்த விமானியைப் பயணி ஒருவர் அடித்ததை நாடே பார்த்தது. கையை ஓங்கினால் இழப்பீடு போய், பறக்கத் தடைப் பட்டியலில் உங்கள் பெயர் வரும்.

பிறகு படிப்படியாக ஏறுங்கள். முதலில் நிறுவனத்தின் நோடல் அதிகாரி, அடுத்து மேல்முறையீட்டு அதிகாரி; இருவர் விவரமும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும். பதில் சரியில்லையென்றால் மத்திய அமைச்சகத்தின் ‘ஏர்சேவா’ ஆப்பில் புகார். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் புனேயில் வசித்தால் புனேயிலேயே வழக்குப் போடலாம். ‘இ-ஜாக்ருதி’ தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். டிக்கெட் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவில் மறக்காமல் ஒரு கோரிக்கை சேருங்கள்: அன்றைய விமானத்தின் டெக்னிக்கல் லாக் பதிவை எதிர்த்தரப்பு தாக்கல் செய்ய வேண்டும். ஆவணத்தைக் கேட்டு வாங்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. கோளாறு திரையிலா, கோபுரத்திலா என்பது அந்தப் பக்கத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. பணம் திரும்ப வாங்க, கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ எண் தேடாதீர்கள். முதலில் வருவது மோசடிக்காரனாக இருக்கலாம். ஓடிபி கேட்டால், திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னால், அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

அமைச்சகத்துக்கும் ஒரு கேள்வி. மின்னும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் தானே பதிந்துகொள்ளும் விமானத்தை வைத்திருக்கும் நிறுவனத்தால், பயணிக்கு ஒரு வரிக் காரணத்தை அனுப்ப முடியாதா? விதியில் அதைக் கட்டாயமாக்க என்ன தடை?

1974-ல் கிராஹக் பஞ்சாயத் என்ற நுகர்வோர் இயக்கம் பிறந்த ஊர் புனே. அந்த ஊர் விமான நிலையத்தில் நிற்கும் நாம், வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். கட்கிப் பெரியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த டிக்கெட்டில் தன் எண்ணையே போட்டிருக்கிறார். உங்கள் டிக்கெட்டில் யார் எண் இருக்கிறது? இப்போதே எடுத்துப் பாருங்கள்.